புதுப்பிப்பு: ரைடிங் மோவர் டெக் அதிர்வு தீர்ந்தது (ஸ்பிண்டில் பேரிங்)

என் ரைடிங் மோவரில் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) பிளேடைச் சுழலவிட்டதும் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் கீழ்ப்பகுதி) அதிர்ந்து, ஸ்டீயரிங் வரை கை கூசுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். பிளேடுகளை ஆணியில் மாட்டிப் பார்த்ததில் ஒன்று சாய்ந்தது. கனமான பக்கத்தை ராவிச் சமன் செய்தேன். அதிர்வு குறைந்தது, போகவில்லை.

விடை கிடைத்தது, "பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் (பிளேடு மாட்டியிருக்கும் சுழல் அச்சு) கையால் சுற்றிப் பாருங்கள்" என்றவரின் யோசனையில். பெல்ட் இழுத்துப் பிடித்திருக்கும்வரை ஆட்டம் வெளியே தெரிவதில்லை. கழற்றியதும் இடப்பக்க ஸ்பிண்டில் கரகரத்தது. பிளேடு நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் நன்றாகவே ஆடியது. கீழ் பேரிங் போயிருந்தது. மேலதையும் சேர்த்தே மாற்றிவிட்டேன்.

எதிர்பாராத விஷயம்: பேரிங்குக்குக் கீழே புல் டிரிம்மரின் நைலான் நூல் இறுகச் சுற்றி, பேரிங்கை மூடியிருக்கும் சீல் வளையத்தை அறுத்திருந்தது. புல் அப்பிக்கொண்டிருந்ததால் சுரண்டும்வரை கண்ணில் படவில்லை.

ஸ்பிண்டிலின் ஷாஃப்ட் (தண்டு) வளைந்திருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். பிளேடின் இரு நுனிகளும் ஒரே உயரத்தில் கடக்கின்றன, வளைவில்லை. இப்போது முழு வேகத்திலும் அதிர்வு இல்லை.