மறு: மன்னருக்காகச் செயலர் போட்ட கையொப்பம் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

> "போலிக் கையொப்பம்" என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா, அதில் நான் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஓர் ஏலப் பட்டியலைத் தமிழாக்கியபோது "போலி" என்று போட்டுவிட்டேன். தாளுக்குச் சொந்தக்காரர் பதறிப்போய்ப் போன் செய்தார். அவர் பதறியது நியாயம்தான். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் அவையில் "கைச் செயலர்" என்றே ஒரு பதவி இருந்தது. மன்னரின் எழுத்தை அச்சு அசலாக எழுதுவதுதான் வேலை. தூசேன் ரோஸ் என்பவர் 1701இல் சாகும்வரை அந்த வேலையில் இருந்தார். மன்னருக்குத் தெரிந்தே, மன்னர் பெயரிலேயே போட்டது, செல்லுபடியாகும் தாள். அது எப்படிப் போலியாகும்?

> "பதிலிக் கையொப்பம்"?

ஆபீசில் மேலாளருக்காக "ஃபார்" போட்டுக் கையெழுத்திடுகிறோமே, அதற்குச் சரி. அங்கே போட்டவர் யார் என்று தெரியும். இங்கே தெரியவே கூடாது.

> "செயலர் கையொப்பம்" எளிதாக இருக்கிறதே.

குழப்பம் இதில்தான் அதிகம் அம்மா. ஒரு பிரெஞ்சுத் தோல்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்த மை பழுப்பேறியிருக்கும். வாசகம் முடிகிற இடத்தில் பெரிதாக "லூயி". அதற்குக் கீழே "கொல்பேர்". இரண்டாவது, அமைச்சர் தன் பெயரில் தானே போட்ட சான்றொப்பம். "செயலர் கையொப்பம்" என்றால் வாசகர் அதைத்தான் நினைப்பார். நாம் பெயர் தேடுவது மேலே இருக்கும் "லூயி"க்கு.

நிதித் தாள்களில் இந்த வேறுபாடு விலையையே மாற்றிவிடும். 1661 செப்டம்பரில் நிதி மேலாளர் ஃபூக்கே கைதானதும் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டு, செலவு ஆணைகளில் இனி நானே கையெழுத்திடுவேன் என்றார் லூயி. அதனால் அவர் பெயர் தாங்கிய செலவு ஆணையைப் பார்த்ததும் சேகரிப்பவருக்கு ஆசை வந்துவிடுகிறது. போட்ட கை யாருடையது என்பது அப்புறம்தான் உறைக்கும்.

என் பரிந்துரை: தன்கை ஒப்பம், பிறர்கை ஒப்பம். தன்வினை, பிறவினை பள்ளியிலேயே படித்ததுதான். "எழுதினான்" தன்வினை, "எழுதுவித்தான்" பிறவினை. மன்னர் செய்ததும் எழுதுவித்ததுதானே? பட்டியலின் குறுகிய கட்டத்தில் "தன்கை", "பிறர்கை" என்று மட்டும் போட்டாலே புரியும். "பிறகை" இன்னும் சின்னது, ஆனால் "பிறகு" என்பதன் அச்சுப்பிழைபோல் இருக்கிறது.

"மெய்நிகர் ஒப்பம்" என்ற யோசனை அழகு. ஆனால் அந்தச் சொல்லைக் கணினிக்காரர்கள் ஏற்கெனவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸின் காதலி நெல் க்வின், பணம் பெற்ற ரசீதுகளில் "ஈ.ஜி." (எலன் க்வின் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்) என்று இரண்டே எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் போட்டிருக்கிறார். அதற்கு நம் கல்வெட்டுச் சொல் "தற்குறி" அப்படியே பொருந்தும்: எழுதத் தெரியாதவர் இடும் தன் குறி. இன்று அது வசவாகிவிட்டதால் பட்டியலில் போடக் கை வரவில்லை. "குறியொப்பம்" போதுமா?

ஆங்கில ஆணைகளில் மன்னர் தாளின் தலையிலேயே "சார்லஸ் ஆர்" ("ஆர்" என்பது "ரெக்ஸ்", அதாவது மன்னர்) என்று போடுவார். கருவூல ஆணையர்கள் கீழே. அதற்கு இங்கே யாரோ சொன்ன "தலையொப்பம்" எனக்குச் சம்மதம்.