டிஃபெண்டர் 300 டீடிஐ: பம்பைத் திருகலாமா, விடலாமா?

சல்லிக்கரையான்:
என்னிடம் இருப்பது டிஃபெண்டர் 110, 300 டீடிஐ எஞ்சின், 2.5 லீற்றர். சுனாமிக்குப் பிறகு இங்கே வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனம் விட்டுப்போன வாகனம்; ஏலம், அப்புறம் இரண்டு மூன்று கை என்று மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. திருகோணமலைக் கரையோரம் சல்லியிலும் நிலாவெளியிலும் மணலில் படகு இழுக்கிறேன். சில நாட்களில் ஐஸ் பெட்டி ஏற்றிய ட்ரெயிலரோடு கண்டிக்கு மீன் போகும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நாலந்தை தாண்டி மாத்தளைப் பக்கம் ஏறத் தொடங்கினால் மூச்சு முட்டுகிறது. பலகடுவை ஏற்றத்தில் இரண்டாம் கியர்தான். பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்னில் இருந்து கையை எடுப்பதில்லை.

ஊரில் ஒரு கராஜ்காரர், "டீசல் பம்பின் பின் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே விட்டு, டர்போ கம்பியைக் கொஞ்சம் கட்டையாக்கினால் வண்டி பறக்கும், ஒரு மணித்தியால வேலை" என்கிறார். இன்னொருவர், "கை வைத்தால் எஞ்சின் போச்சு" என்கிறார். செய்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலை டீசல்:
செய்யலாம் தம்பி. ஆனால் அந்த அரைச் சுற்றுக் கதையை விடுங்கள்.

உங்கள் எஞ்சினில் இருப்பது பொஷ் விஈ சுழல் பம்ப். அதன் பின்பக்கத்தில் லொக் நட்டோடு இருப்பது முழுச்சுமை ஸ்க்ரூ. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுவது) காற்றுத் தருகிறதா இல்லையா என்று அது பார்க்காது. எல்லா நிலையிலும் டீசலைக் கூட்டும். அரைச் சுற்று உள்ளே விட்டால் ஐட்லிங் ஏறும், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் இறங்க மாட்டேன் என்று நிற்கும். எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்பி, ஓட்டிப் பார்த்து, தேவை என்றால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் அந்த ஸ்க்ரூவில் எனக்கு ஆசை இல்லை.

உண்மையான வேலை மேலே இருக்கிறது. பம்பின் தலையில் நாலு ஸ்க்ரூ போட்ட மூடி, அதற்குள் ரப்பர் டயஃப்ரம். டர்போ பக்கத்தில் இருந்து சின்னக் குழாய் வழியாக வரும் காற்றழுத்தம் அதைக் கீழே தள்ளும். டயஃப்ரத்தோடு வரும் கூம்பு ஊசி மையம் விலகிக் கடையப்பட்டது. ஒரு பக்கம் சரிவு குறைவு, மறுபக்கம் ஆழம். முதலில் இருந்த இடத்தை அடையாளம் போட்டுக்கொண்டு, டயஃப்ரத்தைச் சிறிது திருப்பி ஆழமான பக்கத்தைக் கொண்டுவந்தால், டர்போ ஊதும்போது மட்டும் டீசல் கூடும். அதற்குக் கீழே பல்லுப் பல்லாக ஒரு சக்கரம் இருக்கும். அது ஸ்பிரிங்கின் இறுக்கம். தளர்த்தினால் டீசல் முன்னதாகவே கூடத் தொடங்கும். பிடிக்கவில்லையா, அடையாளத்துக்குத் திருப்பி வையுங்கள், பழைய வண்டி திரும்ப வந்துவிடும்.

பலகடுவையில் மூன்றாம் கியர் நிற்கும். நான் செய்த வண்டிகளில் நின்றது.

தம்பலகாமம்:
பஸ்காரன் அப்போதும் ஹோர்ன் அடிப்பான்.

கிண்ணியா நானா:
நான் பம்ப் கழற்றிப் பூட்டிப் பிழைக்கிறவன். உவர்மலைத் தம்பி சொன்ன விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் அவர் சொல்வதெல்லாம் பம்ப் ஆரோக்கியமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்வது. மூன்று நாலு கை மாறிய டிஃபெண்டரில் அப்படி வைத்துக்கொள்ள உங்களுக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது?

விஈ பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு ஒயிலும். 2022 இல் டீசல் கிடைக்காமல் வரிசையில் கிடந்த காலத்தில், கரையோரத்தில் போட் மோட்டருக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கலந்து ஓடிய வாகனங்களின் பம்புகள் என் பரிசோதனை மேசைக்கு வந்திருக்கின்றன. மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. பிளஞ்சர் தேயும், உள் பம்ப் தேயும், உள்ளழுத்தம் விழும். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை, அதாவது டீசல் பீச்சும் நேரத்தை, முன்னே கொண்டுபோவார்கள். அப்படித் தேய்ந்த பம்பில் நீங்கள் டீசலைக் கூட்டினால், பிந்தி எரிகிற டீசலைக் கூட்டுகிறீர்கள். இழுவை கொஞ்சம், புகையும் சூடும் நிறைய.

சல்லித் தம்பி, முதலில் இந்த வேலைகளைப் பாருங்கள். எயார் ஃபில்டர், டீசல் ஃபில்டர். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போய்வருகிற வாகனம் என்றால் ஃபில்டரைத் தட்டிப் போடுகிற பழக்கத்தை விட்டுப் புதிது போடுங்கள். தாங்கியில் இருந்து டீசல் கொண்டுவரும் லிஃப்ட் பம்ப் ஒழுங்காகத் தள்ளுகிறதா, வால்வ் இடைவெளி சரியா, டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்கள் எங்காவது கிழிந்து ஒயில் கசிந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலாக உவர்மலைத் தம்பி சொன்ன அந்தச் சின்னக் குழாய். அது வெடித்திருந்தால் டயஃப்ரம் இறங்கவே இறங்காது. வாகனம் டர்போ இல்லாத வாகனத்துக்குரிய டீசலோடுதான் மலை ஏறும். அதை மாற்றக் காசு என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் வராது.

இதெல்லாம் சரி என்றால் பம்பைக் கழற்றி மேசையில் ஏற்றி, தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

உவர்மலை டீசல்:
நானா, கோபிக்க வேண்டாம், பம்ப் கடையில் எதைக் கேட்டாலும் "கழற்றி மேசையில் ஏற்று" என்றுதான் பதில் வரும். குழாயைப் பார்க்கச் சொன்னது நூறு வீதம் சரி. நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றாலும் சரி. ஆனால் தொழிற்சாலை அளவு என்பது வேத வாக்கா? எந்த நாட்டு டீசலும், எந்த உயரமும், எப்படிப்பட்ட சாரதியும் வந்தாலும் உத்தரவாதக் காலம் முடியும்வரை புகை வராமல் இருக்க வேண்டும் என்று வைத்த அளவு அது. அந்த எஞ்சின் 111 குதிரைவலு, 265 நியூட்டன் மீற்றர் என்று விற்கப்பட்டது. இரும்பு புளொக். இன்னும் கொஞ்சம் கொடுக்க அதனிடம் இடம் இருக்கிறது.

கிண்ணியா நானா:
புளொக் இரும்பு. ஹெட் அலுமினியம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எண்பதுக்காரன்:
நான் ஓட்டுவது லாண்ட் குரூசர் 80, 1எச்டி-டி, 4.2 லீற்றர், அதே மாதிரிச் சுழல் பம்ப். நீங்கள் இரண்டு பேரும் டீசலைப் பற்றியே கதைக்கிறீர்கள். கராஜ்காரர் சொன்ன மற்றப் பாதியைப் பற்றி, அதாவது டர்போ கம்பியைக் கட்டையாக்குவதைப் பற்றி, ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய விசர் வேலையாகத் தெரிகிறது.

அந்தக் கம்பி இழுப்பது வேஸ்ட்கேட்டை, டர்போ அளவுக்கு மேல் ஊதாமல் புகையை வேறு வழியால் விடும் கதவை. கம்பியைக் கட்டையாக்கினால் அது பிந்தித் திறக்கும், அழுத்தம் கூடும். 300 டீடிஐ தொழிற்சாலை விட்டபடியே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் வரைக்கும் ஊதும். அதை 1.4 ஆக்கினால் மீட்டரில் பார்க்க 40 வீதம் கூடியது மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 35 பாகை, டர்போவின் திறன் 70 வீதம் என்று வைத்தால், 1 பாரில் டர்போவை விட்டு வெளியே வரும் காற்று சுமார் 130 பாகை. 1.4 பாரில் சுமார் 160. சூடான காற்று விரியும். அதனால் சிலிண்டருக்குள் போகும் காற்றின் நிறை, இன்டர்கூலருக்கு முன்பு, 12 வீதம்தான் கூடுகிறது. அதுவும் திறன் 70 இல் நிற்கும் என்ற நல்லெண்ணத்தில். சின்ன டர்போவை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் திறன் விழும், அப்போது அது காற்றடிக்கிற வேலையை விட்டுச் சூடாக்குகிற வேலையைச் செய்யும்.

ஆடி மாதம் கச்சான் அடிக்கிற நேரம் நிலாவெளி மணலில் லோ கியரில் படகு இழுக்கிறீர்கள். வண்டி நடக்கிற வேகம், முன்னால் இருந்து காற்றே இல்லை. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இருப்பது எஞ்சினின் ஃபேன் மட்டும். பலகடுவையை விட அந்த மணல்தான் உங்கள் எஞ்சினைக் கொல்லும் இடம். இந்த விவாதத்தில் மலையைப் பற்றியே எல்லோரும் பேசுவது எனக்கு ஆச்சரியம்.

சரி, டீசல். பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டீசலில் நேர்மாறு. காற்று ஏராளம், டீசல் குறைவு என்றால் குளிர்ச்சி. டீசல் கூடக் கூடச் சூடு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி 14.5 கிலோ காற்றுப் போதும், ஆனால் நடைமுறையில் 18, 20 கிலோவுக்குக் கீழே இறங்கும்போதே கறுப்புப் புகை தொடங்கிவிடும். ஆகவே முதலில் காற்றைக் குளிர்வித்துக் கூட்ட வேண்டும், பிறகு அதற்கு ஏற்ற அளவு டீசல். என் எண்பதுக்குத் தொழிற்சாலையில் இன்டர்கூலரே கிடையாது. அதைப் போட்ட பிறகுதான் பம்பைத் தொட்டேன். அதற்கும் முன்பு, டர்போவுக்கு முன்னால் ஒரு பைரோமீட்டர், எக்ஸோஸ்ட் புகையின் சூட்டை அளக்கும் மீட்டர், போட்டேன். தொடர்ந்து இழுக்கும்போது 700 பாகையைத் தாண்ட விடுவதில்லை. அந்த மீட்டர் இல்லாமல் திருகுகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு திருகுகிறான்.

உவர்மலை டீசல்:
அண்ணே, கம்பி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். நான் யாருக்கும் கம்பியைத் தொடுவதில்லை.

பைரோமீட்டர் நல்லதுதான். ஆனால் அது இல்லாமல் இந்த ஊரில் எத்தனை வாகனம் திருகி ஓடுகிறது? பின்கண்ணாடியில் புகையைப் பாருங்கள். ஏற்றத்தில் முழு மிதியில் லேசான சாம்பல் நிறம் என்றால் சரி, கறுப்பு என்றால் டீசலைக் குறையுங்கள்.

எண்பதுக்காரன்:
இரவில் மீன் கொண்டுபோகிறவர் எந்தக் கண்ணாடியில் புகை பார்ப்பார்? புகையும் சூடும் ஒன்றாகப் போவதில்லை. நீண்ட ஏற்றத்தில் லேசான சாம்பல் புகையோடே 700ஐத் தாண்டியதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். ஹெட்டில் வெடிப்பு விழுவது அப்படியான பத்து நிமிட ஏற்றத்தில்தான். ஒரு நொடி கரும்புகையில் அது விழாது.

கிண்ணியா நானா:
புகை என்றதும் இன்னொன்று. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். திருகிய வாகனத்தை அங்கே கொண்டுபோய்த் தோற்று, முதல்நாள் என்னிடம் வந்து "நானா, குறைத்து விடுங்கோ", மறுநாள் வந்து "கூட்டி விடுங்கோ". எனக்கு வருமானம்தான், ஆனால் அலுத்துப்போய்விட்டது.

உவர்மலை டீசல்:
அது பின் ஸ்க்ரூவைத் திருகியவர்களின் கதை நானா. அங்கே வாகனத்தை நிறுத்தி வைத்து, சுமை இல்லாமல் ஒரே மிதியாக மிதித்துப் புகை அளக்கிறார்கள். சுமை இல்லை என்றால் டர்போ பெரிதாக ஊதாது. டயஃப்ரம் அதிகம் இறங்காது. ஆகவே ஊசியை மட்டும் திருப்பிய வாகனத்தில் அந்தப் பரிசோதனை அளவு அவ்வளவு மாறாது. நான் முதல் பதிவிலேயே பின் ஸ்க்ரூவை அதிகம் திருக வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

கிண்ணியா நானா:
பரிசோதனையில் பிடிபடாத இடத்தில் புகை விடச் சொல்கிறீர்கள். மாத்தளையில் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரன் சுவாசிப்பது சான்றிதழைத்தானா?

தம்பலகாமம்:
நானாவுக்கு ஒரு புள்ளி.

சல்லிக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. குழாயைப் பார்த்தேன். பம்ப் பக்க நுனியில் ரப்பர் வெடித்து, கிளிப்புக்குக் கீழே மறைந்து கிடந்தது. வெட்டிப் புதிது போட்டேன், எயார் ஃபில்டரும் மாற்றினேன். நேற்று ட்ரெயிலரோடு கண்டி போய் வந்தேன். நாலந்தைப் பக்கம் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் பலகடுவையில் பாதி தூரம் மூன்றாம் கியர், மற்றப் பாதி இரண்டாம் கியர்தான்.

கிண்ணியா நானா:
பார்த்தீர்களா? திருகாமலே பாதி மலை.

உவர்மலை டீசல்:
மற்றப் பாதிக்கு ஊசி. 😀

எண்பதுக்காரன்:
நல்லவேளை, அந்தக் குழாயோடு பம்பைத் திருகவில்லை. டயஃப்ரம் வேலை செய்யாத வண்டியில் இழுவை வரவில்லை என்று பின் ஸ்க்ரூவை மேலும் மேலும் உள்ளே விட்டிருப்பார்கள். பிறகு ஒருநாள் யாரோ குழாயை மாற்றியதும் இரண்டும் சேர்ந்து அடித்திருக்கும்.

இனி என்ன செய்வது என்று கேட்டால்: ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் கழற்றி உப்பும் மணலும் போகக் கழுவுங்கள், ஃபேனின் விஸ்கஸ் இணைப்பு (சூடானதும் ஃபேனை இறுக்கிச் சுழற்றுவது) பிடிக்கிறதா என்று பாருங்கள். பைரோமீட்டர் போடுங்கள். அப்படியே பலகடுவை ஏறி, இப்போது எத்தனை பாகை என்று பாருங்கள். 550 காட்டினால் ஊசியைக் கொஞ்சம் திருப்ப இடம் இருக்கிறது. 680 காட்டினால் இரண்டாம் கியரிலேயே போங்கள்.

சல்லிக்கரையான்:
அந்தப் பைரோமீட்டர் முனையை எங்கே பூட்டுவது? எக்ஸோஸ்ட் மனிஃபோல்டில் துளை போட வேண்டுமாமே. கழற்றாமல் போடலாமா?

எண்பதுக்காரன்:
டர்போவுக்கு முன்னால், மனிஃபோல்டில், எல்லாச் சிலிண்டரும் சேர்கிற இடத்தில். டர்போவுக்குப் பின்னால் போட்டால் வேலை சுகம், ஆனால் சுமையில் 100 பாகைக்கு மேல் குறைத்துக் காட்டும், அந்த வித்தியாசமும் ஒரே மாதிரி நிற்காது. கழற்றித்தான் துளை போட வேண்டும். ஒரு இரும்புத் துகள் டர்போச் சக்கரத்தில் பட்டால் போச்சு.

உவர்மலை டீசல்:
கழற்றப் போனால் பழைய ஸ்டட் இரண்டு முறியும், அதைத் தோண்டி எடுக்க ஒரு நாள். துளைபோடும் முனையிலும் மரை வெட்டும் டப்பிலும் கிரீஸ் நிறையப் பூசி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் துடைத்து, கடைசி நூல் அளவில் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டால் காற்று துகளை வெளியே தள்ளிவிடும்.

கிண்ணியா நானா:
தள்ளாத துகளுக்கு யார் பொறுப்பு? தம்பி, மனிஃபோல்டைக் கழற்றுங்கள். முதல்நாள் இரவே ஸ்டட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், கஸ்கட்டும் புதிதாக வாங்கி வையுங்கள்.

உவர்மலை டீசல்:
நானா மறுபடியும் கழற்றச் சொல்லிவிட்டார்.