பச்சை முந்திரிப்பருப்பு கடலூர், புதுச்சேரிப் பக்கம் எங்கே கிடைக்கும்?

கெடிலக்கரைக்காரி (கேள்வி)

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். காயவைக்காத பச்சை முந்திரிப்பருப்பைத் தேங்காய்ப்பாலில் இட்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கொங்கண் கரையில் பருவ காலத்தில் உரித்த பச்சைப் பருப்பைச் சந்தையிலேயே விற்கிறார்கள். கேரளத்தில் அதைத் தோரனாகச் செய்கிறார்கள். முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டியோ நமக்குப் பேருந்தில் ஏறி இறங்கும் தொலைவுதான். அப்படியிருந்தும் திருப்பாதிரிப்புலியூர்க் கடைகளிலும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் கேட்டால், முழுப்பருப்பா உடைசலா என்று காய்ந்ததையே எடுத்துக் காட்டுகிறார்கள். பச்சை மிளகு, மாங்காய் இஞ்சி போன்றவற்றைச் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தரும் கடைக்காரர்கள்கூட இதற்குக் கையை விரிக்கிறார்கள். விளைகிற ஊரிலேயே ஏன் கிடைப்பதில்லை, யாரிடம் கேட்டால் கிடைக்கும், கொட்டையாக வாங்கி வந்து வீட்டில் உடைக்க முடியுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காய்ந்த பருப்பை ஊறவைத்தால் அதே சுவை வருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

முந்திரிக்காட்டார்

எங்கள் குடும்பத்துக்கு நடுவீரப்பட்டுப் பக்கம் முந்திரிக்காடு உண்டு; அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மார்க்கெட்டுக்கு வராததற்குக் காரணம் விளைச்சல் குறைவு அல்ல, கணக்கு. முந்திரியில் கொட்டைதான் முதலில் பருக்கும். பழம் அதற்குப் பிறகே ஊதிப் பெருக்கும். கொட்டை பச்சையாக இருக்கும்போது பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே பருப்பு திரண்டு முடிந்திருக்காது. முற்ற முற்ற ஓடு சற்றுச் சுருங்கி, சாம்பல் நிறமேறி இறுகும்போதுதான் பருப்பு கெட்டிப்படும். அதனால் பச்சையில் பறிப்பவருக்குப் பருப்பில் நட்டம். தானாக உதிர்வதைப் பொறுக்கிக் காயவைத்தாலோ, மூட்டை கட்டி விலை வரும்வரை வைத்திருக்கலாம். பச்சைக் கொட்டையை அப்படி வைக்க முடியாது.

இதற்கு மேல் குத்தகை என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பல காடுகள் காய்ப்புக்கு முன்பே வியாபாரியின் கைக்குப் போய்விடுகின்றன. அதன்பின் ஒரு கொட்டையைப் பறித்தாலும் அது அவருடைய கொட்டை. காட்டுக்காரர் தலையைச் சொறிந்தால் அவருக்குக் கொடுக்க மனமில்லை என்று எண்ணாதீர்கள், சகோதரி. கொடுக்க உரிமை இல்லை.

ஆகவே குத்தகைக்கு விடாமல் சொந்தமாகப் பொறுக்குகிறவர்களையோ, கொல்லையில் இரண்டொரு மரம் வைத்திருப்பவர்களையோ பிடியுங்கள். நடுவீரப்பட்டு, முத்தாண்டிக்குப்பம், காடாம்புலியூர்ப் பக்கம் உறவோ பழக்கமோ இருந்தால் மாசிக் கடைசியிலேயே சொல்லிவையுங்கள். பங்குனியில் வாய்ப்பு நன்றாக இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் பழைய மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதன்பின் வைத்த ஒட்டு மரங்கள் தாழக் கவிந்து நிற்பதால் கைக்கெட்டும் உயரத்திலேயே பறிக்கலாம். அந்தப் புயலால் நேர்ந்த ஒரே வசதி என்று வேண்டுமானால் அதைச் சொல்லிக்கொள்ளலாம்!

பழம் இன்னும் சிறிதாகவும், கொட்டை முழு அளவிலும், ஓடு பச்சையாகவும் இருப்பதைப் பார்த்து எடுங்கள். பூவும் பிஞ்சுமாக இருக்கையில் தேயிலைக் கொசு என்கிற சாறுறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடிக்கிறார்கள் என்பதால், கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று கேட்டுக்கொள்வதும், வெட்டுவதற்கு முன் கொட்டையை நன்றாகக் கழுவித் துடைப்பதும் அவசியம்.

பாகூர் சமையற்கட்டு

கிடைக்கும் இடத்தைப் பற்றி மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். உடைப்பதைப் பற்றி நான் எச்சரித்துவிடுகிறேன், ஏனென்றால் ஆசையோடு வாங்கி வந்து கையைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்களே அதிகம். முந்திரி ஓட்டின் உட்புறத்தில் தேன்கூடு போன்ற சிறு அறைகளில் ஓர் எண்ணெய் நிறைந்திருக்கிறது. தோலில் பட்டால் கொப்புளம் போட்டு வெந்துவிடும். மாவும் சேங்கொட்டையும் முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. மாம்பால் பட்டாலே வாயோரம் வெந்துபோகிறவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவது நல்லது. முந்திரி ஒவ்வாதவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம்.

வெறும் நீர் அந்த எண்ணெயை எடுக்காது. முன்னதாகவே இரு கைகளிலும் முழங்கைவரை தேங்காயெண்ணெய் பூசி, தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அன்றாடச் சமையலுக்குப் பயன்படாத பழைய கத்தியையும் பலகையையும் எடுத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, கொட்டையை அதன் வளைவை ஒட்டி நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். வெட்டிய விளிம்பில் பிசுபிசுவென்று கசிந்து சற்று நேரத்தில் கறுப்பது அந்த எண்ணெய்தான். நடுவில் வெளிறிய தோலுடன் பருப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சீவிய மூங்கில் குச்சியால், விளிம்பைத் தொடாமல் நெம்பித் தண்ணீரில் போடுங்கள். எல்லாம் முடிந்தபின் கையுறையை மாற்றிக்கொண்டு, கொதித்து இறக்கிய நீரில் பருப்பைச் சிறிது நேரம் போட்டுவைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். தோலை விட்டுவிட்டால் குழம்பு துவர்க்கும். நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவிய பிறகே அடுப்புக்குப் போகலாம். உடைத்த பருப்பைப் பச்சையாக வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். மிஞ்சிய ஓட்டை அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது, அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் சும்மா விடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் புதைத்துவிடுங்கள்.

இவ்வளவு பாடா என்று தோன்றினால், கொட்டை உடைத்துப் பழகிய பெண்கள் காடாம்புலியூர்ப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூலி கொடுத்து உடைத்துத் தரச் சொல்வதே என் யோசனை.

வெள்ளாழத்தெரு

ஊறவைத்த பருப்பு பச்சைப் பருப்பு ஆகாது. முற்றிக் காய்ந்த பருப்பில் எண்ணெய்ச்சத்து ஏறிவிட்டது. இரவு முழுவதும் ஊறவைத்தாலும் மெத்தென்று ஆகுமே தவிர, இளம்பருப்பின் மொறுமொறுப்பும் மெல்லிய இனிப்பும் திரும்பி வராது. அரைத்துக் குருமாவில் விட அது போதும், அவ்வளவுதான். என் நாவுக்கு, தேங்காய்ப்பால் குழம்பில் ஊறிய முந்திரியைவிடப் பச்சை மொச்சைதான் நெருங்கி வருகிறது. ஆனால் மொச்சை வரத்து தை மாதத்தோடு ஓய்ந்துவிடும், முந்திரி அதன்பிறகுதான் வரும். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

கெடிலக்கரைக்காரி

விளக்கமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. முத்தாண்டிக்குப்பத்தில் என் நாத்தனார் வீட்டுக் கொல்லையில் மரம் இருக்கிறது. இத்தனை நாளாக அவரிடம் கேட்கத் தோன்றவே இல்லை. உடைத்த பருப்பு எத்தனை நாள் தாங்கும், குழம்பில் எப்போது சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பாகூர் சமையற்கட்டு

ஓட்டோடு இருந்தால் நிழலில் ஓரிரு நாள் தாங்கும். உடைத்தபின் குளிர்பெட்டியில் தண்ணீரில் போட்டு வைத்தாலும் மறுநாளே சமைத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் புளித்த வாடை வந்துவிடும். அதிகமாகக் கிடைத்தால் தோலை உரித்து, ஈரம் போகத் துணியில் ஒற்றி, சிறு சிறு பையாகக் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். எடுத்ததும் உருகவிடாமல் அப்படியே குழம்பில் போடலாம். சின்ன வெங்காயமும் தக்காளியும் வதங்கி, இரண்டாம் பால் கொதிக்கும்போது பருப்பைச் சேர்த்து, கடித்தால் மாவாகாமல் நறுக்கென்று இருக்கும் பதத்தில் முதற்பாலை ஊற்றி, அது கொதிக்கும் முன் இறக்கிவிடுங்கள். புளி வேண்டாம்.