வேர்டில் ஆல்ட்+எக்ஸ் அடித்தால் எத்தனால், சோடியம் கார்பனேட்டில் மட்டும் கட்டம் வருகிறது

கேள்வி:
பிளஸ் டூ வேதியியல் வினாத்தாள் அடிக்கிறேன். 2082 (₂-இன் யூனிகோட் எண்) அடித்து ஆல்ட்+எக்ஸ் கொடுத்தால் நீரின் வாய்பாட்டில் ₂ ஒழுங்காக விழுகிறது. எத்தனால், சோடியம் கார்பனேட் இரண்டிலும் முன்னாலுள்ள எழுத்தையும் விழுங்கிவிட்டு வெறும் கட்டம் வருகிறது. ஃபான்ட் மாற்றியும் பயனில்லை. சல்ஃபேட் அயனியில் 4-க்கு நேர்மேலே மின்சுமை நிற்கவும் வழி வேண்டும்.

பதில் 1:
ஃபான்ட் மேல் தப்பில்லை சார். ஆல்ட்+எக்ஸ், கர்சருக்கு முன்னால் இருப்பதைப் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணாகப் படிக்கும். அதில் ஆங்கில ஏ முதல் எஃப் வரையும் இலக்கங்கள்தான். கார்பனின் சி, சோடியம் குறியீட்டின் கடைசி ஏ இரண்டும் 2082-உடன் ஒட்டிக்கொண்டு ஐந்திலக்க எண்ணாகிவிடுகின்றன. அந்த எண்ணுக்கு எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை, அதனால் கட்டம். உடனே மறுபடி ஆல்ட்+எக்ஸ் அடித்தால் கட்டம் எண்ணாகத் திரும்பும். பிறகு ஷிஃப்ட்+இடது அம்பால் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் செலக்ட் செய்து ஆல்ட்+எக்ஸ் அடியுங்கள்.

மின்சுமையிலும் இதே வம்பு உண்டு. கழித்தல் குறிக்கு எண் 2212. முன்னால் 2 இருந்தால் 22212 என்று படித்து, சீன எழுத்தைக் கொண்டுவந்து வைக்கும்! அங்கேயும் செலக்ட் செய்துதான் அடிக்க வேண்டும். சோம்பல்பட்டு ஹைஃபன் போட்டால் மேலே ஏற்றியதும் புள்ளி மாதிரி சுருங்கிவிடும்.

பதில் 2:
அச்சுக்குத்தானே? இவ்வளவு சிரமம் எதற்கு? கன்ட்ரோல்+சமக்குறி அடித்து 2 போட்டு, மறுபடி அதையே அடித்தால் சப்ஸ்கிரிப்ட் (கீழே இறங்கிய சிறு எண்) முடிந்தது. மேலே ஏற்ற, கூடவே ஷிஃப்ட். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் இந்த ஃபார்மேட்டிங் உதிர்ந்து சாதா 2 ஆகிவிடும். அதற்கு மட்டும் 2080–2089 எண்கள். எல்லா இலக்கத்தையும் ரீப்ளேஸில் ஒரேயடியாகச் சிறிதாக்காதீர்கள், மயில்துத்தத்தின் நீர் மூலக்கூறுக்கு முன்னால் வரும் 5-ம் கீழே இறங்கிவிடும்.

பதில் 3:
நேர்மேலே நிற்க ஆல்ட்+சமக்குறி அடித்து ஈக்வேஷன் பெட்டியைத் திறங்கள். SO என்ற குறியீட்டை அடுத்து _4^(2-) அடித்து ஸ்பேஸ் தட்டினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும்.

கேள்வி கேட்டவர்:
கட்டம் போய்விட்டது, நன்றி. ஈக்வேஷனில் தனிமக் குறியீடுகள் சாய்வாக வருகின்றனவே?

பதில் 3:
அது கணித மாறிகளுக்கான வழக்கம். தனிமக் குறியீடு நேராகத்தான் இருக்க வேண்டும். செலக்ட் செய்து, ஈக்வேஷன் டேபில் 'நார்மல் டெக்ஸ்ட்' அழுத்துங்கள்.