ரவுட்டரில் வெட்டும் ஃபோம்போர்டின் விளிம்பு பிசிறடிப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். கட்டட மாதிரிகள் செய்வதற்காக, இருபுறமும் காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம்போர்டை எனது சிறிய சிஎன்சி ரவுட்டரில் (கணினி வழிநடத்த, சுழலும் பிட்டால் வெட்டும் இயந்திரம்) வெட்டிப் பார்த்தேன். மரவேலைக்கு வைத்திருந்த, இரண்டு ஃப்ளூட் (வெட்டுமுனை) உள்ள 3.175 மி.மீ. எண்ட்மில் பிட்டை மாட்டி, அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 12,000 சுற்றிலும் ஃபீடை, அதாவது பிட் நகரும் வேகத்தை, நிமிடத்துக்கு 600 மி.மீ. அளவிலும் வைத்து ஓட்டினேன். மேல் காகிதம் பஞ்சு பஞ்சாகக் கிளம்பி நிற்கிறது. நடுவிலுள்ள நுரை உருகி, பிட்டின் மீது வெள்ளை மணிகளாக உருண்டு ஒட்டிக்கொள்கிறது. மெதுவாக ஓட்டினால் சரியாகும் என்று நினைத்து ஃபீடை 300-க்குக் குறைத்தேன்; நிலைமை இன்னும் மோசமாயிற்று. எங்கே தவறு செய்கிறேன்?

மறுமொழி 1:
குறைத்ததுதான் தவறு. 600 மி.மீ. ஃபீடை 12,000 சுற்றாலும் இரண்டு ஃப்ளூட்டாலும் வகுத்தால், ஒவ்வொரு வெட்டுமுனைக்கும் கிடைப்பது வெறும் 0.025 மி.மீ.; 300-இல் அதிலும் பாதி. அந்த அளவில் பிட் வெட்டுவதில்லை, தேய்க்கிறது. நடுவிலுள்ள நுரையான பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால், அந்தத் தேய்ப்பின் சூடே அதற்குப் போதும். ஒரே ஃப்ளூட் உள்ள, இதுவரை மரத்தைத் தொடாத புதிய பிட்டை மாட்டி, 10,000 சுற்றில் 1,500 மி.மீ. ஃபீட் கொடுங்கள், முனைக்கு 0.15 மி.மீ. கிடைக்கும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சீவலை மேல்நோக்கி இழுக்கும் அப்கட் வகையாக இருக்கும். அது மேல் காகிதத்தைத் தூக்கிக் கிழிக்கும். சீவலைக் கீழ்நோக்கித் தள்ளும் டவுன்கட் பிட் காகிதத்தை அழுத்திக்கொண்டே வெட்டும். நுரை எதிர்ப்பே காட்டாது என்பதால் முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடலாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால், சுழலும் பிட் எதுவாயினும் காகிதத்தைக் கத்தியைப் போல வெட்டாது என்பது என் அனுபவம். பிட்டுக்குப் பதிலாக டிராக் நைஃப் (சுழலாமல் இழுபட்டு வெட்டும் கத்தி) மாட்டிப் பார்த்தேன். நேர்கோடுகள் கண்ணாடி போல வந்தன, ஆனால் 5 மி.மீ. ஆழத்தில் புதைந்திருக்கும் அலகு மூலையில் திரும்பும்போது நுரையைப் பிய்த்துவிட்டது. விமான மாதிரி செய்பவர்கள் கையாளும் ஊசி வெட்டியே எனக்குக் கைகொடுத்தது. சிறு மோட்டார் ஒன்று ஏறத்தாழ 0.6 மி.மீ. எஃகுக் கம்பியைத் தையல் இயந்திர ஊசியைப் போல மேலும் கீழும் குத்தவைக்கும். நிமிடத்துக்கு 8,000 குத்தும் 1,000 மி.மீ. ஃபீடும் இருந்தால் 0.125 மி.மீ.க்கு ஒரு துளை விழும். துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகிவிடும். கம்பி ஓடும் வழிகாட்டிக் குழாயில் ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் சூடேறி முறியும். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் அருகே நிற்க வேண்டாம்.

மறுமொழி 3:
அட்டையை எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஓரங்களில் மட்டும் கிளாம்ப் போட்டால் நடுப்பகுதி வில்லாக வளைந்து எழும். தூசு உறிஞ்சும் குழாயே அதைத் தூக்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இருபுறம் ஒட்டும் டேப்பை அகலமாக ஒட்டுங்கள். சூப்பர் குளூவால் ஒட்ட வேண்டாம்; நுரையில் பட்டால் அதை அரித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ஒரு ஃப்ளூட் டவுன்கட் பிட்டுடன் 1,500-இல் ஓட்டினேன். உருகல் அறவே நின்றது, மேல் விளிம்பும் சுத்தமாக வந்தது. அடிக்காகிதம் மட்டும் இரண்டு இடங்களில் பிசிறடித்திருந்தது. அட்டையைத் தூக்கிப் பார்த்தால், அந்த இரண்டு இடங்களுக்கும் நேர் கீழே அடிப்பலகையில் பழைய வெட்டுப் பள்ளங்கள் இருந்தன. பிட் காகிதத்தை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளியிருக்கிறது. புதிய எம்டிஎஃப் (மரநார்) பலகையை வைத்து, அதற்குள் 0.3 மி.மீ. இறங்கும்படி ஆழத்தை மாற்றியதும் அதுவும் தீர்ந்தது. சன்னல்களின் உள்மூலைகள் மட்டும் பிட்டின் ஆரத்துக்கு வளைந்தே வருகின்றன. அவற்றை இப்போதைக்குக் கையால் பிளேடு வைத்துச் சீவுகிறேன். ஊசி வெட்டிக்கான மோட்டாரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.