மறு: ‘இடுப்புப் பட்டி’ போதாதா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கூபகம் (pelvis, அடிவயிற்றைச் சுற்றியுள்ள என்பு வளையம்) உடைந்தவருக்கு முதலுதவியாகக் கட்டும் pelvic binder-க்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் கோவை மருத்துவர் ஐயா நேற்று எழுதியது:

> இடுப்புப் பட்டி எளிய சொல், எவருக்கும் புரியும். இதற்குப் போய் ஏன் புதுச்சொல் தேட வேண்டும்?

ஐயா, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மாதம் இங்கே திருகோணமலை உப்புவெளியில் ஓட்டோ ஓட்டும் பெடியன்களுக்கு ஒரு முதலுதவி வகுப்பு வைத்தோம். தமிழ்க் கைத்தாளை எழுதியது நான். விபத்தில் கூபகம் உடைந்திருக்கலாம் என்று தோன்றினால் ‘இடுப்பைச் சுற்றிப் பட்டி கட்டவும்’ என்று எழுதியிருந்தேன். ஒரு தம்பி கட்டில் விரிப்பை அழகாக மடித்து, படுத்திருந்தவருக்குத் தொப்புளுக்கு நேரே, சாரம் கட்டுகிற இடத்தில் இறுக்கிக் கட்டினார். கைத்தாளில் உள்ளபடிதான் செய்தார், பிழை என்னுடையது. உண்மையான காயக்காரராக இருந்திருந்தால் அந்தக் கட்டினால் வயிறு இறுகியிருக்கும், உடைந்த வளையம் உடைந்தபடியே கிடந்திருக்கும்.

கட்ட வேண்டிய இடம் அதைவிட நன்றாகக் கீழே. தொடை என்பின் மேல்முனையில் வெளிப்பக்கமாக ஒரு மேடு புடைத்து நிற்கும். காற்சட்டைப் பையில் கையை விட்டால் பக்கவாட்டில் தட்டுப்படுகிறதே, அது. இரு பக்கத்து மேடுகளையும் சேர்த்துக் கட்டினால்தான் விசை உள்ளே போய் வளையத்தை மூடும்.

‘இடுப்பு’ என்ற சொல்லின் தொல்லை இதோடு முடியவில்லை. அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து ‘இடுப்பு உடைஞ்சு போச்சு’ என்றால், பெரும்பாலும் உடைந்தது தொடை என்பின் கழுத்து. ஹபரணை வீதியில் யானை குறுக்கே வந்து மோட்டார் சைக்கிளோடு லொறியில் மோதியவருக்கும் ‘இடுப்பு உடைஞ்சு போச்சு’ என்றுதான் வீட்டுக்குச் செய்தி வரும். முன்னது அம்மம்மாவைக் கட்டிலில் போட்டுவிடும், சத்திரசிகிச்சை தேவைப்படும். ஆனால் பின்னது கூபக உடைவு, சில மணி நேரத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடக்கூடியது. இரண்டுக்கும் ஒரே சொல்! முதுகின் அடிப்பகுதிக்காவது எங்களிடம் ‘நாரி’ இருக்கிறது. நாரிப்பிடிப்பு என்றால் இங்கே யாரும் குழம்புவதில்லை. தமிழ்நாட்டில் அதையும் இடுப்பு வலி என்றே சொல்கிறீர்கள்.

அதனால் ‘இடுப்பு முறிவு’ என்பதை விட்டுவிட்டு, பழைய ‘கூபகம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம் என்பது என் கருத்து. வடசொல் என்று மட்டக்களப்புத் தாதிய ஆசிரியை முகம் சுளிப்பார், தெரியும். எங்கள் பாடநூல்களின் ‘இடுப்பு வளையம்’ நல்ல சொல்தான். வளையம் என்பதில் ஒரு பாடமே இருக்கிறது: கண்ணாடிக் காப்பு உடைந்தால் ஒரே ஓர் இடத்தில் விட்டுப்போவது அரிது, இரண்டு துண்டாகத்தான் விழும். கூபகமும் அப்படித்தான். முன்னால் ஒரு முறிவு தெரிந்தால் பின்னாலும் ஒன்றைத் தேடு என்று சத்திரசிகிச்சையாளர்கள் சொல்வது இதனால்தான். ஆனாலும் ‘இடுப்பு’ முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பட்டி தொப்புளுக்குத்தான் போகும். ஆகவே கூபக வளையம், கூபக முறிவு.

அடுத்தது, வளையம் முன்பக்கம் பிளந்து விரிந்துகொள்ளும் வகை. குழுமத்தில் ‘திறந்த புத்தக முறிவு’ என்று ஒருவர் முன்மொழிந்தார். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தோல் கிழிந்து என்பு வெளியே தெரிவதற்கு ‘திறந்த முறிவு’ என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. அவசரத்தில் வாசிப்பவர் ‘திறந்த’ என்பதைக் கண்டதும் காயத்தைத் தேடுவார், வெளியே காயமே இராது. ‘விரிசிப்பி முறிவு’ என்று வைத்தால் என்ன? தம்பலகாமம் குடாவில் ஒரு காலத்தில் முத்துக்காக எடுத்த தட்டைச் சிப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கீல், முன்னால் வாய். கூபகத்திலும் பின்னால் திருவென்பு (முதுகெலும்பின் அடியிலுள்ள sacrum) மூட்டுகள் கீல்போல நிற்க, முன்னால் இரண்டு பூப்பென்புகளும் (pubis) விலகுகின்றன. அந்த இடைவெளி 2.5 செ.மீ.க்கு மேல் போனால் அந்தப் பின்பக்க மூட்டுகளின் முன்புற இணையங்களும் (என்புகளைப் பிணைக்கும் நார்களும்) அறுந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

விரிந்த சிப்பியின் உள்ளே இடம் கூடுகிறது. குருதி அங்கேதான் தேங்கும். வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி. அதில் பெரும்பங்கை வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் கூபகத்தைச் சுற்றிய பகுதி விழுங்கிவிடும். பெரும்பாலும் கசிவது நாளங்களிலும் உடைந்த என்பின் முகங்களிலும் இருந்துதான், நாடியிலிருந்து பீறிடுவது குறைவு. (தமிழ்நாட்டார் சிரை, தமனி என்று படிக்கவும். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) சிப்பியை மூடினால் இடம் சுருங்கும், உடைந்த முகங்கள் ஒன்றையொன்று தொடும், உறைகட்டி கலையாது. அந்தத் துணிக்கட்டின் வேலை இவ்வளவுதான். சம்பவ இடத்தில் எந்த வகை முறிவு என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் சந்தேகம் இருந்தாலே கட்டுவது, ஆனால் உள்ளே நசுங்கும் அளவுக்கு இறுக்காமல் இயல்பு நிலைக்குக் கொண்டுவருவது. முழங்கால்களையும் சேர்த்துக் கட்டலாம். உடைந்திருக்கிறதா என்று இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்க்கவே கூடாது. உறைந்தது அதிலேயே பெயர்ந்துவிடும்.

வைத்தியசாலைக்குப் போன பிறகு வருகிற சொற்களில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. வெளியே கம்பிச்சட்டம் பூட்டுவது ‘புறச்சட்டகம்’, உள்ளே துணி திணித்து அழுத்துவது ‘கூபகத் திணிப்பு’. குருதிப்போக்கைக் குறைக்க, காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய திரனெக்சாமிக் அமிலம் அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும்: குழாய் வழியே போய் குருதி ஒழுகும் நாடியை வேண்டுமென்றே அடைப்பதை ‘நாடி அடைப்பு’ என்று எழுதாதீர்கள். கேட்பவர் மாரடைப்பு மாதிரி ஒரு நோய் என்று பயந்துவிடுவார். ‘நாடி அடைத்தல்’ என்றால் யாரோ செய்கிற வேலை என்பது விளங்கும்.

சரி, பட்டிக்கு வருகிறேன். ‘தொடைமேட்டுக் கச்சை’. எதைக் காக்கிறது என்பதை விட்டு, எங்கே கட்டுவது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறேன். கூபகம் என்ற வேர் இதில் இல்லையே, அகராதியில் இனம் பிரிந்துபோகுமே என்று ஐயா கேட்பீர்கள். கூபக முறிவு, கூபகத் திணிப்பு வரிசையில் இது சேராது, உண்மைதான். ஆனால் இந்த ஒரு சொல்லைத்தான் ஓட்டோக்காரரும் 1990 அம்புலன்ஸ் வண்டியில் வருபவரும் தரையில் முழந்தாளிட்டுப் பயன்படுத்தப்போகிறார்கள். மற்றவை சத்திரசிகிச்சைக் கூடத்துச் சொற்கள்.

இரண்டாவது வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கச்சை என்றதும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு. ‘கோவணமா சேர்?’ என்றார் ஒருவர். ஆனால் விரிப்பைக் கொடுத்தபோது அத்தனை பேரும் முதலில் காற்சட்டைப் பைப்பக்கம் தடவி மேட்டைத் தேடினார்கள்.

திருத்திய கைத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மேடு’ என்பதற்குப் பதில் ‘முளை’ நல்லதா என்று மட்டும் யாராவது வியாழனுக்குள் சொல்லுங்கள். முளை என்றால் எங்கள் பக்கம் மாடு கட்டுகிற கட்டைதான் நினைவுக்கு வருகிறது.