புதுப்பிப்பு: மாமியாருக்கு நோரோ வைரஸ், வீட்டில் வேறு யாருக்கும் பரவவில்லை

மாமியாருக்கு நோரோ வைரஸால் வாந்தி பேதி, குழந்தைகளுக்குப் பரவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அவர் தேறிவிட்டார்.

அதிகம் உதவியது, "சானிடைசரை நம்பாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்" என்ற யோசனை. ஆல்கஹால் சானிடைசர் இந்த வைரஸைச் சரியாகக் கொல்லாது என்று மருத்துவரும் சொன்னார். அடுத்தது பிளீச். வாந்தி பட்ட இடத்தைக் கையுறை போட்டுத் துடைத்தெடுத்து, அப்புறம் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத பிளீச் திரவம் 25 மில்லி கலந்து ஊற்றி, 5 நிமிடமாவது ஊறவிட்டோம். ஊற்றிய உடனே துடைத்தால் பலனில்லை. ஜன்னல் திறந்திருக்கட்டும், வேறு எந்த கிளீனரோடும் பிளீச்சைக் கலக்கவே கூடாது. துணிகளை உதறாமல் சுடுதண்ணீரில் துவைத்தோம்.

தனிக் கழிப்பறை எங்களுக்குச் சாத்தியமில்லை, இருப்பதே ஒன்றுதான். அவர் போய்வந்த ஒவ்வொரு முறையும் கைப்பிடி, குழாய், ஃப்ளஷ் பொத்தான் எல்லாவற்றையும் பிளீச்சால் துடைத்தோம்.

எதிர்பாராதது ஒன்று: வாந்தி நின்றதுமே சமைக்கக் கிளம்பிவிட்டார். தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது! அறிகுறிகள் நின்று 48 மணி நேரமாவது சமையல் கூடாது. அதன் பிறகும் மலத்தில் வைரஸ் இரண்டு வாரமோ அதற்கு மேலோ வெளியேறலாம் என்பதால் சோப்பை இன்னும் விடவில்லை.